மெல்போர்னில் டென்னிஸ் பார்க்க: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலிய ஓப்பன் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து டென்னிஸ் கோர்ட்டில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, சொந்தக்காரர் ஒருவர் மெல்போர்னில் இருக்கிறார், ஆட்டத்தின் மேல் ஆசையும் உண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். விலை, தேதி, விசா விதி எல்லாம் வருடா வருடம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் டென்னிஸ் ஆடினதே இல்லைங்க. டிவியில பார்க்கிறதோட சரி. நேர்ல போனா புரியுமா?

புரியும். புள்ளிக் கணக்கு 15, 30, 40, அடுத்து கேம். ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், ஆனால் இரண்டு கேமாவது முன்னால் இருக்க வேண்டும். 6-6 என்று வந்தால் டை-பிரேக், அதாவது செட்டை முடிவுசெய்யும் ஒரு கூடுதல் கேம். கிராண்ட் ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் ஆண்கள் ஒற்றையருக்கு ஐந்து செட்டில் மூன்று, பெண்களுக்கு மூன்றில் இரண்டு. கடைசி செட்டும் 6-6 என்று வந்தால் 10 புள்ளி வரை போகும் டை-பிரேக். 2022இலிருந்து நான்கிலும் இதே முறைதான். இவ்வளவு தெரிந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

டிவி கேமரா உயரத்திலிருந்து காட்டுவதால் பந்து வலைக்கு மேலே எவ்வளவு உயரம் போய் இறங்குகிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. கோர்ட்டின் ஓரத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். சுழற்சியோடு அடித்த பந்து தரையில் பட்டு எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறுகிறது. அதைத் திருப்பி அடிக்க அவர் எத்தனை சின்னச் சின்ன அடி எடுத்து வைக்கிறார் என்று பாருங்கள். ஆட்டமே தெரியாமல் வந்தவர்கள்கூட அரைமணி நேரத்தில் வாயடைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

கிராண்ட் ஸ்லாம் நாலு ஊர்ல நடக்குதே. விம்பிள்டன் தானே பெரிசு, ஏன் மெல்போர்ன்?

பெருமை என்று பார்த்தால் விம்பிள்டன்தான். ஆனால் நம் ஊர் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் மே கடைசியில் தொடங்குகிறது, லண்டனில் விம்பிள்டன் ஜூன் கடைசியில். இரண்டும் மாங்காய் சீசன். தோப்பு வைத்திருப்பவர், மண்டிக்காரர், மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை செய்பவர் யாரும் அந்த நேரத்தில் ஊரைவிட்டு நகர முடியாது. அமெரிக்க ஓப்பன் ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில். ஆஸ்திரேலிய ஓப்பன் ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வருகிறது. மாட்டுப்பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினால்கூட முதல் வாரத்தைப் பிடித்துவிடலாம்.

விம்பிள்டன் டிக்கெட்டுக்குக் குலுக்கல் உண்டு. அதில் பெயர் வரவில்லை என்றால் வரிசை. விம்பிள்டன் பூங்காவில் எண் போட்ட அட்டையை வாங்கிக்கொண்டு, சிலர் முந்தின ராத்திரியே கூடாரம் போட்டுப் படுத்துக் காத்திருப்பார்கள். பெரிய கோர்ட்டு ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 டிக்கெட்டும், அதற்கு மேல் சில ஆயிரம் பேருக்கு மைதானத்துக்குள் நுழையும் டிக்கெட்டும் இந்த வரிசைக்கென்றே ஒதுக்குகிறார்கள். உலகில் எனக்குத் தெரிந்த நேர்மையான வரிசைகளில் அது ஒன்று. என்றாலும் குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. மெல்போர்னில் முன்கூட்டியே டிக்கெட் கையில் இருக்கும், நிம்மதியாகப் போகலாம்.

முதல் தடவையே அவ்வளவு தூரம் போகணுமா? பக்கத்துல எதுவும் நடக்காதா?

நடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மெல்போர்னைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. பெங்களூரு கப்பன் பார்க்கில் கர்நாடக டென்னிஸ் சங்கத்தின் கோர்ட்டுகள் இருக்கின்றன. பெங்களூரு ஓப்பன் என்கிற சேலஞ்சர் போட்டி (பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு அடுத்த நிலை) நடக்கும் இடம் அதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓசூர் சாலையில் பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போய் மெட்ரோவின் மஞ்சள் பாதையைப் பிடியுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறினால் கப்பன் பார்க் நிலையத்திலேயே இறங்கலாம். காலையில் போய் ராத்திரி வீடு திரும்பலாம். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

சென்னையில் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம். 1997 முதல் 2017 வரை ஆண்களுக்கான சென்னை ஓப்பன் அங்கே நடந்தது. 2008 அரையிறுதியில் ஸ்பெயின்காரர்களான நடாலும் மோயாவும் நான்கு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் குறைவாக ஆடினார்கள். மூன்று செட்டும் டை-பிரேக். மறுநாள் இறுதிப் போட்டியில் நடால் களைத்துப்போய் ரஷ்யாவின் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். ஆண்கள் போட்டி பிறகு புனேவுக்குப் போய் 2023 வரை அங்கே நடந்தது. 2022இலும் 2025இலும் அதே அரங்கத்தில் பெண்களுக்கான சர்வதேசப் போட்டி நடந்தது. அடுத்து அறிவிப்பு வந்தால் விடாதீர்கள். அக்டோபர், நவம்பர் என்றால் மட்டும் மழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எப்ப விடுவாங்க, எங்க வாங்கணும்?

ஆஸ்திரேலிய ஓப்பன் டிக்கெட் பெரும்பாலும் போட்டிக்கு முந்தின அக்டோபரில் வரும். போட்டியின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து டிக்கெட்மாஸ்டர் பக்கத்துக்குப் போகும். கணக்கைத் திறப்பது, செயலியை இறக்குவது, கார்டு விவரம் சேர்ப்பது மூன்றையும் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். விற்பனை தொடங்கும் நேரம் மெல்போர்ன் நேரப்படி இருக்கும். அங்கே பகல் 12 மணி என்றால் நமக்குக் காலை 6.30. அக்டோபர் முதல் ஞாயிறுதான் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவார்கள். விற்பனை அதற்கு முந்தி வந்தால் 7.30.

பலரும் மாட்டிக்கொள்வது கார்டில்தான். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவைக்காவிட்டால் பணம் போகாது, அதற்குள் இருக்கை போய்விடும். வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கென்று தனியாகக் கட்டணமும் பிடிப்பார்கள், பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை. டிக்கெட் காகிதமாக வராது, போனில்தான் இருக்கும். எனவே போனும் அதற்குச் சார்ஜும் முக்கியம், ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும். அங்கே போன பிறகும் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கிரவுண்ட் பாஸ்னா என்ன? அதுல பெரிய ஆளுங்களைப் பார்க்க முடியாதாமே?

போட்டி நடக்கும் மெல்போர்ன் பார்க் மைதானத்துக்குள் நுழைய, இருக்கை எண் இல்லாத ஒரு நாள் டிக்கெட் அது. ராட் லேவர் என்கிற பிரதான அரங்கத்துக்குள்ளும் மார்கரெட் கோர்ட் அரங்கத்துக்குள்ளும் விடமாட்டார்கள். மற்றபடி வெளிக் கோர்ட்டுகள் அத்தனையும் உங்களுக்குத் திறந்திருக்கும். ஜான் கெய்ன் அரங்கத்திலும் முன்பதிவில்லாத பகுதி இதற்கென்று ஒதுக்கப்படுவது வழக்கம். விலை நம் பணத்தில் சில ஆயிரம்தான். ராட் லேவர் டிக்கெட், அதுவும் இரண்டாம் வாரத்தில், இதைப் போலப் பல மடங்கு.

எல்லோரிடமும் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: உங்கள் பணத்தில் பெரும்பகுதியைக் கிரவுண்ட் பாஸில் போடுங்கள். வெளிக் கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆடுபவருக்கும் உங்களுக்கும் நடுவே இடுப்பளவு தடுப்பு ஒன்றுதான். சர்வீஸ் போடும்போது விடும் மூச்சு கேட்கும். ஷூ தரையில் தேயும் கிறீச் சத்தம் கேட்கும். இரண்டு பந்தை வாங்கிப் பார்த்து, பஞ்சு நிமிர்ந்திருக்கும் ஒன்றைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வழவழப்பாக இருப்பதை முதல் சர்வீஸுக்கு எடுப்பார்கள். வேகமாகப் போகும் என்பதற்காக. இதெல்லாம் பெரிய அரங்கத்தின் மேல் வரிசையிலிருந்து தெரியாது. அங்கிருந்து ஆடுபவர் விரலளவுதான் தெரிவார்.

பெரிய ஆட்களையும் பார்க்கலாம், பயிற்சிக் கோர்ட்டில். யார், எந்தக் கோர்ட்டில், எத்தனை மணிக்கு என்று செயலியிலேயே போடுவார்கள். அரைமணி முன்னதாகப் போய்த் தடுப்பை ஒட்டி நின்றுவிட்டால், உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர் பத்தடி தூரத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். ஆட்டத்தில் பார்ப்பதைவிட நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அப்ப எந்த நாள் போறது? ஃபைனல் பார்க்காம வந்தா போன மாதிரியே இருக்காதே.

ஒற்றையரில் ஆண்கள் 128 பேர், பெண்கள் 128 பேர். முதல் சுற்றில் மட்டும் 64, 64 என்று 128 ஆட்டங்கள். 2024இலிருந்து போட்டி ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவதால் இவை மூன்று நாளில் முடிகின்றன, அதாவது ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இறுதி நாளில் ராட் லேவரில் நடக்கும் ஆண்கள் ஒற்றையர் ஆட்டம்தான் முக்கியம். அது ஒன்றரை மணியில் முடிந்தாலும் முடியும், ஐந்து மணி நேரமும் போகும்.

முதல் மூன்று நான்கு நாள்தான் என் ஓட்டு. விடுமுறை இன்னும் முன்னால்தான் கிடைக்கும் என்றால் அதற்கு முந்தின வாரம் தகுதிச் சுற்று நடக்கும். டிக்கெட் இன்னும் மலிவு, கூட்டமும் குறைவு. அங்கே ஆடுபவர்கள் உலகத் தரவரிசையில் நூறுக்குப் பின்னால் இருப்பவர்கள். மூன்று ஆட்டம் ஜெயித்தால் பிரதானச் சுற்று, தோற்றால் அந்த வருடச் செலவுக்கே திண்டாட்டம். அந்தத் தவிப்பை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஃபைனலைப் போட்டி நடக்கும் அதே ஊரில் பெரிய திரையில் பார்க்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ராட் லேவர் அரங்கத்துக்கு ஒரு டிக்கெட்டாவது எடுக்கலாம்னு இருக்கேன். பகலா, ராத்திரியா?

ஒன்று எடுங்கள், தப்பில்லை. அந்த டிக்கெட்டிலேயே வெளிக் கோர்ட்டுகளுக்கும் போகலாம் என்பதால் பகல் டிக்கெட்டுதான் லாபம். சூடு ஏறும்போது அரங்கத்துக்குள் நிழலில் உட்காரலாம், தணிந்ததும் வெளியே வரலாம். ராத்திரி ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும். கூட்டத்தின் ஆரவாரம் வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2008இல் ஹியூவிட், பாக்தாதிஸ் ஆட்டம் விடியற்காலை 4.34க்கு முடிந்தது. 2023இல் மர்ரே ஆடிய ஒரு ஆட்டம் 4.05க்கு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ராத்திரி வேண்டாம்.

எந்த அரங்கத்தில் யார் என்பது முந்தின நாள் மாலைதான் தெரியும். ஒரு பெயரை மனதில் வைத்து டிக்கெட் எடுத்தால் ஏமாற்றத்தில் முடியலாம்.

பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் இல்லை, பேரு மட்டும்தான். பிரச்சினை ஆகுமா?

நம் பக்கம் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. ஆஸ்திரேலிய விசா விண்ணப்பத்தில் ஒரே பெயர் உள்ளவர்கள் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும். இனிஷியலை இழுத்து எங்காவது சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.

விமான டிக்கெட்டில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். பணம் கட்டுமுன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு.

விசாவுக்கு என்னென்ன காட்டணும்? நான் சம்பளக்காரன் இல்லை, மாந்தோப்பு வச்சிருக்கேன்.

நீங்கள் போட வேண்டியது 600 வகை சுற்றுலா விசா. விண்ணப்பம் ஆன்லைனில், கைரேகையும் புகைப்படமும் எடுக்கப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அவர்கள் பார்ப்பது இரண்டு: செலவுக்குப் பணம் இருக்கிறதா, திரும்பி வரக் காரணம் இருக்கிறதா. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலரிடம் வருமான வரிக் கணக்கு இருக்காது, அதற்காகப் பயப்பட வேண்டாம். பட்டா, சிட்டா, மண்டியிலோ கூழ் தொழிற்சாலையிலோ கொடுத்த பில்கள், அந்தப் பணம் வந்த வங்கிக் கணக்கு, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். தமிழில் இருப்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் எங்கிருந்தோ பெரிய தொகையைக் கணக்கில் போடுவது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

டென்னிஸ் டிக்கெட்டையும் சேர்த்து வையுங்கள், எதற்குப் போகிறீர்கள் என்பதற்குத் தெளிவான சான்று அது. இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது.

கிருஷ்ணகிரியில இருந்து ஏர்போர்ட்டுக்கு சென்னையா, பெங்களூரா?

தூரம் பார்த்தால் பெங்களூரு. ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில், நகரத்தின் வட கோடியில் இருக்கிறது. நாம் போய் நுழைவது தெற்கே அத்திப்பள்ளியில். நடுவில் முழு நகரத்தையும் தாண்ட வேண்டும். மாலை நேர நெரிசலில் மாட்டினால் வீட்டிலிருந்து அத்திப்பள்ளி வர ஆன நேரத்தைவிட அங்கிருந்து நிலையம் போக ஆகும் நேரம் அதிகமாகிவிடும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானமாக எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாக மாறிப் போகலாம். சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். நம்மைவிட அங்கே ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் போய் இறங்கிய அன்றே ஆட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் குடுப்பாங்க. எடுத்துட்டுப் போகலாமா?

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு. சாப்பாட்டுப் பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று இறங்குமுன் கேட்பார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தாலும் ‘ஆம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அத்தோடு சரி. மறைத்தால் பெரிய அபராதம், விசாவே ரத்தாகவும் வாய்ப்புண்டு. பழம், விதை, கறிவேப்பிலைக் கொத்து எதையும் எடுக்காதீர்கள். வறுத்த தின்பண்டம், கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பொருள் என்றால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். கிளேட்டன், டாண்டினாங் பக்கம் இந்தியக் கடைகள் நிறைய. அங்கே கிடைக்காத மளிகைச் சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

எங்க ஊர் வெயிலைப் பார்த்தவங்களுக்கு அந்த வெயில் என்ன பண்ணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஜனவரி அங்கே கோடை. 2014இல் போட்டி நடந்தபோது தொடர்ந்து நான்கு நாள் 41 டிகிரியைத் தாண்டியது. நம் வெயிலில் வியர்த்துக் கொட்டும், உடம்பே எச்சரிக்கும். அங்கே காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் நீர் குறைவது தெரியாது. புற ஊதாக் கதிரும் மிகக் கடுமை. கறுத்த தோல்தானே என்று சன்ஸ்கிரீன் பூசாமல் உட்கார்ந்தால் மாலைக்குள் மூக்கும் கழுத்தும் எரியும். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, காலி தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழாய்களில் இலவசமாக நிரப்பலாம்.

வெயில் ஏறினால் ஆட்டத்தையே நிறுத்த 2019இலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை ஒரு வெப்ப அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஐந்து வந்தால் வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டம் நின்றுவிடும். ஆடுபவர்களுக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும் நமக்கும் வேண்டும். இன்னொன்று, தெற்கிலிருந்து காற்றுத் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். பையில் ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? நாங்க சைவம்.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம், உள்ளே விடுவார்கள். கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் எலுமிச்சை சாதமும் சப்பாத்தியும் போதும். உள்ளே கடைகள் உண்டு, சைவமும் கிடைக்கும், விலைதான் அதிகம். ஒரு வேளை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், மூன்று வேளையும் வேண்டாம்.

மைதானத்துக்கு எப்படிப் போறது? ராத்திரி எப்படித் திரும்புறது?

ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி யாரா ஆற்றை ஒட்டி நடந்தால் பதினைந்து இருபது நிமிடம். வழியெல்லாம் கூட்டம் போகும், யாரையும் வழி கேட்கத் தேவையில்லை. நடக்க முடியாதவர்களுக்கு நகரத்திலிருந்து மைதானம் வரை டிராம் உண்டு, டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

வெள்ளி, சனி ராத்திரிகளில் மெல்போர்னில் விடிய விடிய ரயில் ஓடும். மற்ற நாளில் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு ஆட்டம் பாருங்கள். ராத்திரி ஆட்டங்கள் எவ்வளவு நேரம் போகும் என்பதை ராட் லேவர் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

நடுவுல எழுந்து போகக் கூடாதாமே? கைதட்டலாமா, விசில் அடிக்கலாமா?

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. சர்வீஸ் போடுபவர் பந்தைத் தரையில் தட்ட ஆரம்பித்ததும் அரங்கமே அடங்கிவிடும். புள்ளி முடிந்ததும் கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கத்துங்கள், தமிழிலேயே கத்துங்கள். எதிராளி டபுள் ஃபால்ட் போட்டால், அதாவது இரண்டு சர்வீஸையும் தவறவிட்டால் மட்டும் கைதட்டாமல் இருப்பது பண்பு. போன் சத்தத்தை அணைத்துவிடுங்கள், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

மற்றப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் பக்கம் மாறி உட்காரும்போதுதான் உள்ளே விடுவார்கள். மெல்போர்னில் 2024இலிருந்து கொஞ்சம் தளர்த்தி, கேம் முடிந்ததுமே நுழைய விடுகிறார்கள். வாசலில் நிற்கும் ஊழியர் கையைக் காட்டும்வரை காத்திருங்கள்.

கோட்டுப் பக்கத்துல ஆளே நிக்கலையே, அவுட்டுன்னு யார் சொல்றாங்க?

கருவிதான். கேமராக்கள் பந்தைத் தொடர்ந்து கணக்கிட்டு, வெளியே விழுந்தால் பதிவுசெய்த குரல் ‘அவுட்’ என்று கத்தும். மெல்போர்னில் 2021இலிருந்து எல்லாக் கோர்ட்டிலும் இப்படித்தான். விம்பிள்டனே 2025இல் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டது.

நம்ம ஆளுங்க யாராவது ஆடுவாங்களா?

ஒற்றையரில் சில வருடம் இருப்பார்கள், சில வருடம் தகுதிச் சுற்றோடு நின்றுவிடும். 1989இல் இதே போட்டியில் நம் சென்னை ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ‘சீடு’ பெற்றவரை, அதாவது முன்னணி ஆட்டக்காரர் என்று போட்டியே குறித்துவைத்தவரை, இன்னொரு இந்தியர் வெல்ல 35 வருடம் ஆனது. 2024இல் இங்கேயே சுமித் நாகல் புப்லிக்கை வென்றார்.

இரட்டையர் கதை வேறு. லியாண்டர் பயஸ் 2012இலும், சானியா மிர்சா 2016இலும் இங்கே இரட்டையர் பட்டம் வென்றிருக்கிறார்கள். 2024இல் குடகைச் சேர்ந்த ரோகன் போபண்ணா 43 வயதில் வென்றார். இரட்டையர் ஆட்டங்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் வெளிக் கோர்ட்டில்தான் நடக்கும், கிரவுண்ட் பாஸ் போதும். இந்தியர் ஒருவர் ஆடினால் அந்தக் கோர்ட்டு நம் ஆட்களால் நிறைந்துவிடும், முந்தின ஆட்டத்திலேயே போய் இடம் பிடியுங்கள்.

பையன் ஏழாவது படிக்கிறான், ஒரு வருஷமா ஆடுறான். கூட்டிட்டுப் போனா பிரயோஜனம் இருக்குமா?

இருக்கும், ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார வைக்காதீர்கள். பயிற்சிக் கோர்ட்டில் ஒரு மணி நேரம், ஒரு முழு ஆட்டம், பிறகு பிள்ளைகளுக்கென்று அமைத்திருக்கும் விளையாட்டுப் பகுதி. பந்தைப் பார்க்காமல் ஒருவருடைய காலை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளி பந்தை அடிக்கும் அந்த நொடியில் இவர் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி இரண்டு காலும் ஊன்றி நிற்பார். எந்தப் பக்கம் பந்து வந்தாலும் பாய்வதற்கான தயாரிப்பு அது. நம் பிள்ளைகளிடம் கோர்ட்டில் நூறு தடவை சொல்லியும் ஏறாதது, அங்கே பார்த்ததும் ஏறிவிடும். இரண்டாம் வாரத்தில் ஜூனியர் போட்டி நடக்கும். அவனைவிட மூன்று நான்கு வயதே மூத்தவர்கள் ஆடுவதையும் பார்க்கட்டும்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற வருடம் மட்டும் வேண்டாம். ஜனவரியில் திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளையின் மனம் இரண்டு பக்கமும் இழுபடும்.

மழை வந்தா காசு போச்சா?

ராட் லேவர், மார்கரெட் கோர்ட், ஜான் கெய்ன் மூன்றுக்கும் மூடித் திறக்கும் கூரை உண்டு, அங்கே ஆட்டம் நிற்காது. வெளிக் கோர்ட்டில் நிற்கும். கிரவுண்ட் பாஸ்காரர்கள் மழையன்று நேரே ஜான் கெய்ன் அரங்கத்தின் முன்பதிவில்லாத பகுதிக்கு ஓடுவார்கள், வரிசை நீளும். மேகம் கறுக்கும்போதே போய்விடுங்கள். எவ்வளவு நேரம் ஆட்டம் நடக்காவிட்டால் பணம் திரும்பும் என்பது டிக்கெட் விதியில் எழுதியிருக்கும், வாங்கும்போதே படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் தீர்ந்துபோச்சு. வெளியில ஒருத்தர் விக்கிறேன்னு சொல்றார், வாங்கலாமா?

வேண்டாம். போன டிக்கெட் திரும்பி வந்தால் அதே டிக்கெட்மாஸ்டரின் மறுவிற்பனைப் பக்கத்தில் வரும். போட்டி நெருங்க நெருங்க நிறைய வரும், பொறுமையாகப் பாருங்கள். விக்டோரியா மாநிலச் சட்டப்படி இதுபோன்ற பெரிய போட்டிகளின் டிக்கெட்டை அசல் விலைக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி விற்க முடியாது. அதைவிடக் கூடுதலாகக் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். அவரிடம் வாங்கியது வாசலில் செல்லாமலும் போகலாம். போனில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பவர்களை நம்பவே நம்பாதீர்கள்.

உட்கார்ந்த இடத்துல இருந்து ஸ்கோரை ஃப்ரெண்டுக்கு அனுப்பினா தப்பா?

வீட்டுக்கு ‘ஜெயிச்சுட்டார்’ என்று வாட்ஸ்அப் போடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் போனைத் தட்டிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். டிவியில் படம் சில நொடி தாமதமாகப் போகும். அந்த இடைவெளியில் மைதானத்திலிருந்து தகவல் அனுப்பிப் பந்தயம் கட்டுகிற கூட்டம் உண்டு. 2014இல் மெல்போர்ன் மைதானத்தில் இதற்காக ஒருவரைக் கைதே செய்தார்கள். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இப்போதும் அப்படிச் செய்பவர்களைக் கண்டால் வெளியேற்றிவிடுவார்கள். இது தெரியாத நம் பையன் ஒருவன், நண்பனுக்காகப் புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டிருந்தபோது காவலர் வந்து விசாரித்திருக்கிறார். நண்பர் யாராவது ‘ஒவ்வொரு பாயிண்டும் உடனே சொல்லு’ என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எதற்குக் கேட்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது, விசாரணை உங்களிடம்தான் நடக்கும்.